சீட்டு போல்ட்டில் ஒரு சொட்டு சிவப்பு

அளவு தப்பினால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில், இன்ஸ்பெக்ஷன் பிரிவில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவன். ஒரு பாகம் சரியாக இருக்கிறது என்று நான் முடிவு செய்தால், அதன் போல்ட் தலையில் ஒரு சொட்டு சிவப்புப் பெயின்ட் வைப்பேன். பெயின்ட் விரிசல் விட்டிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆளைக் கண்டுபிடித்து மெமோ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன்.

குவார்ட்டர்ஸிலும் நான் அப்படித்தான். மின்விசிறி, மிக்ஸி, தையல் மெஷின் என்று எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு இருக்கும். தையல் மெஷினில் நூல் இறுக்கத்தை மாற்றிவிட்டாள் என்று வடிவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வடிவு என் மனைவி. கிராம சுகாதாரச் செவிலியர். 1991இல் ஏரிக்கு அந்தப் பக்கம் நான்கு கிராமங்களை அவளுக்கு ஒதுக்கினார்கள். பஸ் கிடையாது. லேடீஸ் சைக்கிள், கேரியரில் தடுப்பூசிப் பெட்டி, கரைமேல் மாட்டுவண்டி போன தடம். முதல் வாரமே முட்டி வலிக்கிறது என்றாள். வலி என்றால் அளவு தப்பு என்பது என் கட்சி. தொழிற்சாலை நூலகத்திலிருந்து சைக்கிள் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி அவளை ஏறி உட்காரச் சொன்னேன்.

குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முட்டியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் பெடலின் அச்சுமேல் விழ வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்து சீட்டை இரண்டரை அங்குலம் ஏற்றினேன். கால் தரையில் எட்டவில்லையே என்றாள் வடிவு. சைக்கிள் மிதிப்பதற்குத்தான், நிற்பதற்கு இல்லை என்றேன். முடுக்கி, பெயின்ட் வைத்து, இனி இதை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

முட்டிவலி போய்விட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று மாதம் கழித்து அவள் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கின்றன என்று அப்போதுதான் சொன்னாள். கொஞ்ச நாளில் ஒரு வீட்டில் குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டு ஊசியை எடுத்தவளுக்கு, விரல்களுக்கு இடையில் சிரிஞ்சு இருப்பதே தெரியவில்லை. போடாமல், அடுத்த வாரம் கொண்டுவா என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்று அடுப்படியில் நின்று அழுதாள். நரம்பு நசுங்குகிறது, சைக்கிளை விடுங்கள் என்றார் டாக்டர். சைக்கிளை விட்டால் அந்த வேலை இல்லை. பதினோரு வருட சர்வீஸ். வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். அங்கே கொடுப்பதாக ஏற்பாடு.

என் சம்பளம் போதும், விட்டுவிடு என்றேன். பெரிய மனதோடு சொல்வதாக எனக்கு நினைப்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சைக்கிள் பஞ்சர். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் ஜம்புலிங்கத்திடம் தள்ளிக்கொண்டு போனேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி அவன் சீட்டைப் பார்த்தான்.

"அண்ணாத்தே, ரெண்டு மாசம் முன்ன அம்மா இத்த இட்டாந்தாங்க. சீட்ட எறக்கணும்னாங்க. ஸ்பானர எடுத்தேன். அந்த செவப்பப் பாத்துட்டு, வாணாம்பா, அவர் வச்சதுன்னு சொல்லி தள்ளிகினு பூட்டாங்க."

இறக்கினால் முட்டி போய்விடும் என்று அவனுக்கும் பாடம் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்க ஏரிக்கரைல ஓட்டிகினு போறத நீ பாத்துகிறியா?" என்றான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். அவள் வேலைக்குப் போகும் பக்கம் நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

மறுநாள் புதன், தடுப்பூசி நாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு, என் சைக்கிளில் அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். தார்ரோட்டில் அவள் போன அழகைப் பார்க்க வேண்டுமே. கால் நீளுகிறது, மடங்குகிறது, எல்லாம் நான் வைத்த அளவு. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கரைமேல் ஏறியதும் அவள் உட்காரவில்லை. இரண்டு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நின்றுவிட்டாள். அந்தத் தடத்தில் யாராலும் உட்கார்ந்து போக முடியாது. மதகுக்குப் பக்கத்தில் கரை சரிந்து இறங்குகிறது. அங்கே இடுப்பைப் பின்னால் தள்ளினால்தான் உடம்பு சைக்கிளோடு இறங்கும். அவள் தள்ளப் பார்த்தாள். என் சீட்டு மறித்தது. பின்னாலிருந்து இடித்து அவளை முன்னால் தள்ளியது. உடம்பின் பாரம் மொத்தமும் இரண்டு உள்ளங்கையில் இறங்க, முழங்கை விறைத்துப்போக, ஒவ்வொரு பள்ளமும் அந்தக் கைகளில்தான் விழுந்தது. கீழே மணலில் சக்கரம் புதைந்தபோது ஊன்றத் தரை எட்டவில்லை. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து குதித்தாள்.

நான் அளந்தது சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தியை. இவளை அளக்கவே இல்லை.

சைக்கிளை நிறுத்திவிட்டு, இரண்டு விரலையும் வாயருகே வைத்து ஊதிக்கொண்டு திரும்பியவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"பெயின்ட்டப் பாக்க வந்தீங்களா? நான் தொடவே இல்லங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அங்கேயே செத்துப்போனேன். விரலை விடவும், வேலையை விடவும் அவள் பயந்தது என் பெயின்ட்டுக்கு. இத்தனை வருடமாக நான் வீட்டில் இதைத்தான் சம்பாதித்து வைத்திருக்கிறேன்.

ஸ்பானர் என் பையில் எப்போதும் இருக்கும். சாவியால் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்பானரை அவள் கையில் கொடுத்தேன். எவ்வளவு இறக்கணும் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும் என்றேன். நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

ஒரு அங்குலம் இறக்கிச் சரிவில் போய்ப் பார்த்தாள். போதவில்லை. மறுபடி இறக்கினாள். அடுத்த முறை இடுப்பு தாராளமாகப் பின்னால் போக, முழங்கை தளர்ந்து மடங்க, சைக்கிள் குதித்ததே தவிர அவள் குதிக்கவில்லை. தார்ரோட்டில் முட்டி வலிக்குமே என்றேன். அங்கே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி ஸ்பானரைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடிதத்தைக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. விரலில் உணர்ச்சி வராமல் குழந்தைக்கு ஊசி போடமாட்டேன், ஒரு மாதம் பார்க்கிறேன் என்றாள். அதுவரை பக்கத்துப் பகுதிச் செவிலியர் வந்து ஊசி போட, இவள் அட்டையில் எழுதினாள். மாதம் முடிந்தும் விரல் அப்படியே இருந்தது. கடிதமும் பையிலேயே இருந்தது. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வடிவு அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, வலது கைச் சுண்டுவிரலை மட்டும் என் தாடையில் வைத்து மெதுவாக இழுத்தாள்.

"ஷேவ் பண்ணலியா? குத்துதுல்லா" என்றாள்.