காலையில சொல்றேன்

"முதல்ல டி.வி.யை எடுங்கப்பா. அப்பத்தான் கட்டில் போட இடம் வரும்" என்றார் அத்தையின் தங்கை. மருமகள் ஒரு பக்கம், அவள் கணவன் மறுபக்கம் பிடித்து, சமையலறை மூலையில் சுவரைப் பார்க்க வைத்தார்கள்.

அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினோரு வருஷம் மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து தொடர் பார்த்தவர்கள். வாரப் பத்திரிகையில் தொடர்களை விமர்சித்து எழுதுவது மருமகளின் வேலை. ஓட்டையைக் கண்டுபிடிப்பது அத்தை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தவர். பொய்க்குரல் அவர் காதுக்குத் தப்பாது.

"இந்த மாமியாரைப் பாரு, நடு ஹால்ல நின்னு சண்டை போடுறா. எந்த வீட்டுல நின்னு போடுறாங்க? வெங்காயம் உரிச்சுக்கிட்டேல்ல போடுவோம்!"

"நீங்க அப்படித்தான் போட்டீங்க அத்தை."

"நீ மட்டும் என்னவாம்? துணி மடிச்சுக்கிட்டே போட்ட."

ஆனால் முடிவான தீர்ப்பு மட்டும் ராத்திரி வராது. "ராத்திரி சொன்னா அது எரிச்சல். காலையில டீயோட சொன்னாத்தான் அபிப்பிராயம்."

நேற்றைய தொடரில் தாத்தா செத்துப்போனார். இருபது நிமிஷம் எல்லோரும் அழுதார்கள். அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் அழறாங்க. ஆனா இது செத்த வீடு இல்லம்மா. ஒண்ணு குறையுது. காலையில சொல்றேன்."

ஃபோன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர். "இந்த வாரம் விட்டுடும்மா. பழசு எதையாவது போட்டுக்கறேன்."

"இல்ல சார், நாலு மணிக்குத் தந்துடறேன்."

சொன்ன பிறகுதான் அத்தை சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. என்ன குறைந்தது? அத்தை இல்லாமல் தனக்கு ஏதாவது கண்ணில் படுமா?

ஹாலில் போய் நின்றாள். அழுகை இருந்தது; அது தொடரிலும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அழுத முகத்தோடு, "ஃபோன் சார்ஜர் இருக்குமா?" என்று கேட்டார். தொடரில் இது இல்லைதான். ஆனால் இவ்வளவு சுலபமானதென்றால் அத்தை நேற்றே சொல்லியிருப்பார்.

"இது யாரோடதும்மா, ஆறிக் கிடக்கு? கொட்டிடவா?" சமையலறையிலிருந்து அத்தையின் தங்கை.

அடுப்பு மேடையில் அத்தையின் கப். அரைக்கரண்டி சர்க்கரை. காலையில் அத்தையை எழுப்பப் போகுமுன் மருமகள் போட்டு வைத்த டீ.

"இருக்கட்டும் சின்னத்தை."

டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நோட்டைத் திறந்தாள். 'அந்தத் தாத்தாவுக்கு அன்று காலை யாரும் டீ போட்டு வைத்திருக்கவில்லை' என்று எழுதினாள்.

எழுதிவிட்டு, சரிதானா என்று வழக்கம்போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மேடையில் இருந்த கப்பில் ஏடு கட்டியிருந்தது. சன்னல் காற்றில் அது லேசாகச் சுருங்கியது.