கடைசி நிராகரிப்பு

"வில்லா மே கிரீன்" என்று கிளார்க் சீட்டை உருவிப் படித்ததும் ஓடெஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தென் கரோலினாவின் அந்தச் சின்ன நீதிமன்றத்தில் ஜூரியை, தீர்ப்புச் சொல்லப்போகும் பன்னிரண்டு பொதுமக்களை, அப்படித்தான் எடுப்பார்கள். பெட்டியிலிருந்து ஒரு பெயர் வரும். அந்த ஆள் முன்னால் வந்து, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நேராக நிற்கவேண்டும். வேண்டும், வேண்டாம் என்பதை வக்கீல்கள் அந்த நொடியே சொல்லியாகவேண்டும். வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள். ஆனால் இத்தனை பேரைத்தான் வேண்டாம் என்று தள்ளலாம் என்று இரு தரப்புக்கும் கணக்கு உண்டு. அடுத்து யார் வருவார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குற்றம் சாட்டப்பட்டு நின்றுகொண்டிருந்தவன் ஓடெஸாவின் மகன் ரோமன். பெட்ரோல் பங்க்கில் ஒருவரைச் சுட்டதாக வழக்கு. தீர்ப்பு தவறினால் சாகிறவரை சிறை.

"உட்கார வையுங்கள்" என்றார் அரசு வக்கீல், வேண்டா வெறுப்பாக.

டீஸ்டேல், ரோமனின் வக்கீல், பின்வரிசையிலிருந்த ஓடெஸாவின் பக்கம் சாய்ந்தான். "அம்மா, இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஒரே சர்ச்சு. என் வீட்டுக்காரர் சாவுச் சாப்பாட்டுக்கு அவ கொண்டுவந்த மக்ரோனிய நான் மேசை ஓரத்துல வெச்சுட்டேனாம். அன்னிலேர்ந்து மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டா."

"மக்ரோனிக்காகவா?"

"உனக்கென்ன தெரியும், தம்பி! அவ மனசுல வெச்சுக்கறவ. வேணாம்."

"அம்மா, நல்லா யோசிங்க. அரசு வக்கீல் நம்ம கறுப்பு ஆளுங்க எல்லாரையும் தள்ளிட்டாரு. இப்ப அவர்கிட்ட 'வேணாம்' ஒண்ணும் மிச்சமில்ல, அதான் வாய மூடிட்டு இருக்காரு. பன்னெண்டு பேர்ல ஒருத்தர் ஒத்துக்கலேன்னாலும் தண்டனை கிடையாது. என்கிட்டயும் இதுதான் கடைசி 'வேணாம்'."

"எம் புள்ள உசுரு, தம்பி. வேணாம்னு சொல்லு."

டீஸ்டேல் எழுந்தான். "இவரை விடுவியுங்கள்."

வில்லா மே அசையாமல் ஒரு கணம் ரோமனைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தவள், ஓடெஸாவின் வரிசையில் நின்று குனிந்தாள்.

"ஏண்டி, நீயா சொன்னே?"

ஓடெஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் பேரு வரணும்னு ராத்திரி பூரா ஜெபம் பண்ணினேன்டி. ஜூரி கூடிப் பேசற அந்த அறைக்குள்ள, பொறுங்கய்யா, இன்னொரு தடவை பாக்கலாம்னு சொல்ல ஒருத்தி வேணுமேன்னு."

"அம்மா, நடங்க" என்றார் காவலர். அவள் போய்விட்டாள்.

கடைசி, பன்னிரண்டாவது நாற்காலிக்கு இன்னொரு பெயர் வந்தது. சலவை மடிப்புக் கலையாத சட்டை, வெளுத்த புருவம், வெள்ளைக்காரர். ஊரில் யாருக்கும் தெரியாத ஆள். வந்து நின்றவர் ரோமனின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவன் கைகளையே பார்த்தார்.

"உட்கார வையுங்கள்." இந்த முறை அரசு வக்கீலின் குரலில் வெறுப்பில்லை.

ஓடெஸா டீஸ்டேலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "தம்பி, அவளத் திருப்பிக் கூப்பிடு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"முடியாதும்மா."

"இந்த ஆளையாவது..."

"என் கையில ஒண்ணுமில்லம்மா."

டீஸ்டேலும் 'உட்கார வையுங்கள்' என்றான். அந்த மனிதர் போய் உட்கார்ந்து முழங்கால்மேல் கையைக் கோத்துக்கொண்டார். மற்றவர்கள் அவருக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னார் நீதிபதி.

ரோமன் திரும்பினான். இத்தனை நேரத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் கொஞ்சம் தெம்பு.

"எல்லாம் நல்ல ஆளுங்கதானேம்மா?" என்று உதட்டை அசைத்தான்.

ஓடெஸா ஆமாம் என்று தலையாட்டினாள்.