குரல்வளையில் அணைந்த விளக்கு

அறுவை அரங்கின் பின்னால் இருந்த கழுவும் அறையில் அவள் ஸ்கோப்பின் வளைந்த தகட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மயக்கம் கொடுத்த பிறகு, நோயாளியின் நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைப் பார்த்து மூச்சுக்குழாய் இறக்க டாக்டர் பிடிக்கும் கருவி அது. தகட்டைக் கைப்பிடியில் மாட்டி நிமிர்த்தினால் விளக்கு எரியும். பதினோரு வருஷமாக அவள் நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறாள்.

தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். "கையைத் துடைச்சிட்டு வா. மேனேஜர் கூப்பிடுறாரு."

காலையில் நடந்தது அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருந்தது. குழாய் இறக்கும் நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது. ஓடிப்போய் வேறு ஸ்கோப் எடுத்துவருவதற்குள் நோயாளிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். முன்பல் இரண்டு போயிற்று. வெளியே மகன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் மேசையில் அந்தக் கைப்பிடி திறந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு பென்சில் பேட்டரிகள்.

"திங்கக்கிழமைதான் சார் புதுசு கொடுத்தேன். நாலு நாள்லயா தீர்ந்து போகும்?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"அப்போ யாரோ மாத்தியிருக்காங்க." மேனேஜர் அவளைப் பார்த்தார். "இதைத் திறக்குறது யாரு?"

"நான்தான் சார். பேட்டரியை எடுத்து வச்சிட்டுக் கழுவி, திரும்பப் போடுவேன். இன்னிக்குக் காலையிலகூட எரிஞ்சுது."

"வீட்டுல டார்ச்சு, ரிமோட்டுன்னு எத்தனையோ இருக்கும்," என்றார் ஸ்டோர்க்காரர், யாரையும் பார்க்காமல்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. "வெளிச்சம் மங்குதுன்னு புதன்கிழமையே சிஸ்டர்கிட்ட காட்டினேன். தட்டிப் பாருன்னாங்க. சொல்லுங்க சிஸ்டர்."

தலைமை நர்ஸ் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆளாளுக்கு ஏதோ சொல்றாங்க. எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"ஸ்டோர்ல பிரிக்காத பாக்கெட் இருக்கும்ல? கொண்டுவரச் சொல்லுங்க. இங்கேயே போட்டுப் பார்ப்போம்," என்றாள் அவள் மேனேஜரிடம்.

"நல்லாயிருக்கே! இப்போ விசாரணை என் மேலயா?" ஸ்டோர்க்காரர் எகிறினார்.

காலையில் குழாய் இறக்கிய மயக்க டாக்டர் சுவரோரம் நின்றிருந்தார். "கொண்டு வாங்க," என்றார்.

அவரே உறையைக் கிழித்துப் பேட்டரிகளைப் போட்டுத் தகட்டை நிமிர்த்தினார். காமாலைக் கண்போல மஞ்சளாக எரிந்த விளக்கு, அரை நிமிடத்தில் துடித்து அடங்கியது.

மேனேஜர் பாக்கெட்டை டிராயருக்குள் தள்ளினார். "சரி, நீ போ. நாங்க பேசிக்கிறோம்."

"அப்போ நான் எடுக்கலைன்னு..."

"போன்னு சொன்னேன்ல."

உண்மை வெளிவந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். மறுநாள் வேலை முடிந்து போகையில் வாசல் காவலாளி தயங்கித் தயங்கி, "பையைத் திற தங்கச்சி. கழுவுற ரூம் ஆளுங்களை எல்லாம் பார்த்து அனுப்பணும்னு ஆர்டர்," என்றார்.

"அங்க நான் ஒருத்திதானேண்ணே?"

"அதான்மா எனக்கும் புரியல." சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்.

அடுத்த வாரத்திலிருந்து மயக்க டாக்டர் சொந்தமாகப் பேட்டரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் அவற்றைக் கழற்றிக்கொண்டு, வெறும் கைப்பிடியை அவளிடம் நீட்டுவார்.

"நீங்களாவது நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கலாம் டாக்டர்," என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"விடும்மா. வேலை போகலைல்ல?" என்றபடி கையுறையைக் கழற்றினார்.

கேன்டீனில் அவள் தட்டோடு போனால் பேச்சு நின்றது. அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அவள் கணவனின் காதுக்கும் விஷயம் போயிருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் நாற்காலி மேல் நின்றிருந்தான். சுவர்க் கடிகாரம் கையில் குப்புற இருந்தது. பின்பக்கத்துப் பேட்டரியை விரலால் உருட்டி, அது எந்தக் கம்பெனி என்று ஜன்னல் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும், "நின்னு போச்சோன்னு பார்த்தேன்," என்றான்.

அவன் கையில் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.