பின் கதவின் பச்சை

அத்தானுக்கு அவருடைய கார்தான் மூத்த பிள்ளை. இருபது வருடத்துக்கு முன் புதிதாக வாங்கியது, வெளிர் பச்சை. இதுவரை ஒரு கீறல் கிடையாது என்று நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். அக்கா லைசென்ஸ் எடுத்து, ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்குப் போக இனி பஸ்ஸுக்குக் காத்து நிற்க முடியாது என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் சாவியை வாங்கினாள். ஒரு கீறல் விழுந்தாலும் சாவி மறுபடி சட்டைப்பைக்கே போய்விடும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோது, அக்கா இடது முன் கதவை ஆஸ்பத்திரித் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினாள். நேராக என் பட்டறைக்கு வந்தாள். நான் அவள் தம்பி. அடிபட்ட வண்டிகளுக்கு நெளிவெடுத்துப் பெயிண்ட் அடிப்பது என் பிழைப்பு.

"நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவாருடா. அவருக்குத் தெரியவே கூடாது. மறுபடியும் பஸ்ஸுக்கு நிக்க என்னால முடியாது" என்றாள்.

நெளிவெடுப்பது பெரிய வித்தை இல்லை. பழைய வண்டியில் நிறம்தான் உயிரை வாங்கும். வண்டியில் இருக்கும் கலர் நம்பரைச் சொன்னால் கடைக்காரர் கம்பெனி நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார். ஆனால் அது வண்டி பிறந்த அன்றைய நிறம். இருபது வருடம் வெயில் குடித்த உடம்பில் அதை அடித்தால், அந்தக் கதவு மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். அதனால் கொஞ்சம் வெள்ளை, ஒரு சொட்டு மஞ்சள், துளி கறுப்பு என்று சேர்த்து, ஒரு சின்னத் தகட்டில் அடித்து, காயவைத்து, பக்கத்துக் கதவோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். தகடு மேல் தகடாக எனக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு தகட்டை இடது பின் கதவில் வைத்தேன். எது தகடு, எது கதவு என்று எனக்கே தெரியவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு, வண்டியின் மற்ற பாகத்தையெல்லாம் காகிதத்தால் மூடி, அன்றே அடித்து முடித்தேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். காகிதத்தைக் கிழித்து, வண்டியை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினேன். முன் கதவும் பின் கதவும் அச்சு அசலாக ஒரே பச்சை. மற்ற உடம்பு முழுக்க வேறு பச்சை, கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை. வலது பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லாமே அந்தச் சாம்பல் பச்சைதான். பட்டறையின் ட்யூப் லைட்டில் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஒரே ஒரு கதவாக இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை. இரண்டானதும் பளிச்சென்று தெரிந்தது.

என் கலவை சரிதான். நான் பார்த்துக் காப்பியடித்த விடைத்தாள்தான் தப்பு. பின் கதவைத் திறந்து ஓரத்து ரப்பரைப் பார்த்தேன். ரப்பரின் மேல் பச்சைப் பெயிண்ட் பிசிறு. எந்தக் கம்பெனியும் ரப்பருக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. எவனோ ஓர் அரைகுறை, ரப்பரைக் கழற்றச் சோம்பல்பட்டு, என்றைக்கோ இந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான்.

அக்காவைக் கூப்பிட்டு ரப்பரைக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு போயிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? என்னைக் கூப்பிட வாங்கன்னு உங்க அத்தான்கிட்ட சொன்னதுக்கு, கார் சர்வீஸ்ல இருக்குன்னாரு. புள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கிட்டு நான் பஸ்ல வந்தேன்."

எனக்கு வந்த கோபம் வேறு. சொந்த மைத்துனன் பட்டறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இந்த மனிதர் ரப்பர் கழற்றத் தெரியாதவனிடம் போயிருக்கிறார். அதை வெளியே காட்டாமல், இரண்டு கதவையும் உடம்போடு சேர்த்துவிடுகிறேன், அத்தான் வருவதற்குள் முடித்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாள்.

சாயங்காலம் நானும் அவளோடு போனேன், வேடிக்கை பார்க்கத்தான். அத்தான் வந்து பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, துணியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். முன் கதவில் துணி நின்றது. இந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறதே என்றார். சாவிக்காக வலது கை தானாகவே நீண்டது.

"ஆமா, தூண்ல இடிச்சுட்டேன். தம்பிதான் அடிச்சான்" என்றாள் அக்கா. "பின் கதவோட நிறத்தப் பாத்து அடிச்சான். அந்தக் கதவுக்கு யாரு அடிச்சாங்கன்னு நீங்கதான் சொல்லணும். நான் புள்ளையோட பஸ்ல வந்தேனே, அந்த வாரமா?"

அத்தான் பின் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் துணியை மடித்தார்.

"அன்னைக்கு உக்கார இடம் கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

அத்தான் தலையை ஆட்டினார். அக்கா சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். காலையில் ஷிப்டு எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். அதற்குள் வண்டியைத் துடைத்து வைத்துவிடுகிறேன் என்றார்.