வாசல் புல்லில் வைத்த மேசை

நான் பெயிண்ட் அடித்த இரும்பில் முகம் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொள்ளலாம். இதை நானே சொல்வது பெருமை பீற்றிக்கொள்வதுதான். பீற்றிக்கொள்கிறேன், யாருக்கு என்ன? மெல்பர்னுக்கு மேற்கே, சன்ஷைனில், பீரோவும் லாக்கரும் செய்த ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தவள் நான். க்ளெனிஸ் அடித்த கதவு என்றால் கிடங்கில் இருந்தவர்களுக்கே அடையாளம் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்ட ஒரே ஆள் என் அக்கா வில்மா.

வில்மாவுக்கு அங்கே சரிபார்க்கிற வேலை. உற்பத்தி வரிசையின் கடைசியில் மஞ்சள் சாக்கட்டியோடு நிற்பாள். பெயிண்ட் வழிந்திருந்தாலோ புள்ளி விழுந்திருந்தாலோ அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த கதவு திரும்பவும் அடித்தவரிடமே வரும். மற்றவர்களுக்கு வாரத்தில் நாலு வட்டம் என்றால் எனக்கு ஒரு நாளில் நாலு. தொழிற்சாலையை மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது, அவள் கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கேக் சுட்டுக் கொண்டுபோனால் ஓரம் கருகியிருக்கிறது என்பாள். நல்லா இருக்கு என்ற ஒரு சொல், ஒரே ஒரு சொல், என் விஷயத்தில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இந்த ஆகஸ்டில் அவளுக்கு எழுபது வயது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், இந்த வருடம் பெரியவர்களுக்கான வகுப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறாள், விட்டதை முடித்தே தீருவேன் என்று. வீட்டுப்பாடம் எழுதுவது சமையலறை மேசையில், ஜாம் பாட்டிலுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில். எனவே அவளுக்கு ஒரு பள்ளிக்கூட மேசை கொடுப்பது என்று முடிவு செய்தேன். உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன், பாசம் பாதிதான். அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது மீதிப் பாதி.

மேசை குப்பைக் கிடங்கை ஒட்டிய பழைய சாமான் கடையில் கிடைத்தது. வார்ப்பிரும்புக் கால்கள், தூக்கித் திறக்கிற மூடி, மைக்கூடு வைக்க ஓட்டை. வருடக்கணக்காக மழையில் கிடந்து, கால்கள் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தன. ஒரு பின்னங்கால் குறுக்கே விண்டிருந்தது. என் வீட்டில் வைத்து வேலை பார்க்க முடியாது, வில்மாவுக்குக் கதவைத் தட்டிவிட்டு வருகிற வழக்கமில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெவில் வீட்டு கராஜுக்குக் கொண்டுபோனேன். நெவில் எங்கள் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவன்.

"இதையா பொறந்த நாளுக்குக் குடுக்கப்போற?" என்றான். "அப்படியே ஒரு டெட்டனஸ் ஊசியும் சேர்த்துக் குடுத்துடு."

"வாய மூடிட்டு அந்தக் கால வெல்ட் பண்ணு."

"பண்றேன். ஆனா அவ என்ன சொல்லுவான்னு இப்பவே சொல்லட்டா? ஏன் கோணலா இருக்குன்னு கேப்பா."

"அப்படிக் கேக்க முடியாமப் பண்ணத்தான்டா இவ்வளவு பாடு."

ஆறு வாரம் ஆனது. கம்பி பிரஷால் துருவைச் சுரண்டிச் சுரண்டி முழங்கை வீங்கிப்போனது. பூ வேலைப்பாட்டின் இடுக்கில் இருந்த துருவைப் பல் தேய்க்கிற பிரஷால் எடுத்தேன். பிரைமர் அடித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்தேன். பிறகு கரும்பச்சை எனாமல், மெல்லிசாக நாலு பூச்சு. பலகையை இழைத்து எண்ணெய் பூசியதும் உள்ளே இருந்த சிவப்பு மரம் வெளியே வந்தது. நெவில் போட்ட வெல்ட் எங்கே இருக்கிறது என்று கடைசியில் நெவிலுக்கே தெரியவில்லை. காலையில் போய் கராஜ் கதவைத் தூக்கியவுடன் அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

பிறந்த நாள் சனிக்கிழமை. வியாழக்கிழமை வரைக்கும் கடைசிப் பூச்சு முழுசாக இறுகவில்லை, அவ்வளவு குளிர், இங்கே ஆகஸ்ட் குளிர்காலம். நெவில் வீட்டில் வெயில் படுகிற ஒரே இடம் வேலிக்கு வெளியே, ரோட்டோரப் புல்தரை. நானும் அவனுமாக மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தோம். பக்கத்தில் அவனுடைய பழைய வாஷிங் மெஷினும் ஒரு மெத்தையும் கிடந்தன. அவன் வீட்டு வாசலில் எப்போதுமே ஏதாவது கிடக்கும், அதனால் எனக்கு உறைக்கவில்லை. உள்ளே போய் டீ குடித்தோம். அவன் முதுகுவலியைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். வெளியே வந்து பார்த்தால் மெத்தை இருந்தது, மேசை இல்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பெரிய குப்பை வாரம், வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் போட்டால் நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிற வாரம். எங்கள் பக்கம் ஜூனிலேயே முடிந்துவிட்டதால் நான் அதை மறந்தே போயிருந்தேன். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இந்த வாரம்தான்.

"ஏன்டா, அந்த வாஷிங் மெஷின் எதுக்கு வெளிய கிடக்கு?"

"குப்பை வண்டிக்குத்தான் போட்டேன்," என்ற நெவிலின் முகம் அப்படியே மாறியது. "அய்யோ, க்ளென்."

யாரைப் போய்த் திட்டுவது? வேலிக்கு உள்ளே இருந்தால் தொடக்கூடாது, வேலிக்கு வெளியே புல்லில் இருந்தால் எடுத்தவருக்குச் சொந்தம். கதவைத் தட்டிக் கேட்கக்கூட வேண்டாம். என் வீட்டு சோபாவும் புத்தக அலமாரியும் அப்படி வந்தவைதான். அந்த வாரம் வந்துவிட்டால் எங்கள் குடும்பமே வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றும். எல்லாம் தெரிந்த நானே ஆறு வார உழைப்பைக் கொண்டுபோய், எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரோட்டில் வைத்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளி மாலை வரை ஒரு தெரு விடாமல் சுற்றினேன். ஒரு பயனும் இல்லை. கடைசியில் கடைக்குப் போய் ஒரு மின்சாரக் கெட்டில் வாங்கினேன்.

சனி மதியம் கெட்டிலையும் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கையும் தூக்கிக்கொண்டு வில்மா வீட்டுக்குப் போனேன். கெட்டில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வயரு ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?" என்றாள். பிறகு கையைத் தட்டினாள். "சரி, எல்லாரும் உள்ள வாங்க. எனக்கு நானே ஒரு பரிசு புடிச்சிருக்கேன், காட்டறேன்."

விருந்துக்கு வந்திருந்த இருபது பேரும் பின்னறைக்குள் நுழைந்தோம். ஜன்னலோரமாக என் மேசை நின்றது. அதன்மேல் அவளுடைய நோட்டுகளும் ஒரு பேனாவும் இருந்தன. எனக்கு அருகில் நின்ற நெவில் வாயைத் திறந்தான். அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"வியாழக்கிழமை ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போயிட்டு வந்தேன்," என்று வில்மா ஆரம்பித்தாள். "நம்ம டாரலோட டிரெய்லர்ல." டாரல் அவள் மகன், காருக்குப் பின்னால் ஒரு இழுவண்டி பூட்டி வைத்திருப்பவன். "ஒரு நாத்தம் புடிச்ச மெத்தைக்குப் பக்கத்துல இது நிக்குது. எந்த முட்டாள் இத வெளிய போட்டான்னு தெரியல."

"பெயிண்ட் எப்படி?" என்றேன்.

"பெயிண்டா? படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன்டி. எங்கயும் வழியல, ஒரு புள்ளி இல்ல. அந்தப் பூ இடுக்குல பாரு, அங்ககூடச் சீரா ஏறியிருக்கு."

"ஒரு குறை கூடவா இல்ல?"

"இல்லன்னு சொல்றேன்ல. இத அடிச்சவங்க கை இருக்கே, அது கை. நீ கிட்ட வந்து பாரு, பாத்துக் கத்துக்க. இப்படி ஒருத்தர் நம்மகிட்ட இருந்திருந்தா ஃபேக்டரிய மூடியே இருக்க மாட்டாங்க."

நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக உள்ளே இறக்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"அந்த முட்டாள் நான்தான், வில். உனக்குக் குடுக்கறதுக்காக நான் அடிச்சது. காய வச்சிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வில்மாவும் சிரித்தாள். நெவில் சிரிக்கவில்லை. "உண்மைதான், வில்மா," என்றான். "என் கராஜ்ல. அந்தப் பின்னங்கால் விண்டு கிடந்துச்சு, நான்தான் ஒட்டினேன். முடிஞ்சா எந்த இடம்னு கண்டுபுடி."

சிரிப்பு நின்றது. வில்மா என்னைப் பார்த்தாள். டிராயரிலிருந்து டார்ச்சை எடுத்தாள். டாரல் தாங்கப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டு, எழுபது வயதில் முழங்காலை மடக்கித் தரையில் படுத்து, மேசைக்கு அடியில் தலையை விட்டாள். டார்ச் வெளிச்சம் காலுக்குக் கால் நகர்ந்தது. இனிமேல் குறை கண்டுபிடித்துவிடுவாள், என் கை என்று தெரிந்துவிட்டதே, கண்டுபிடிக்காமல் விடமாட்டாள் என்று அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெல்ல எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

"ஒண்ணும் இல்லன்னா?"

"குறை ஒண்ணும் இல்ல." டார்ச்சை அணைத்தாள். அடுத்ததை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அப்பவும் பாதி நேரத்துக்கு மேல குறையே இருந்ததில்ல, க்ளென்."

"எப்ப?"

"ஃபேக்டரில. உன் கதவுல. தங்கச்சிங்கறதால விட்டுட்டான்னு ஒரு பய பேசிடக் கூடாதுன்னு குறை இல்லாமலே வட்டம் போட்டேன். உன்னத் தூக்கிடுவாங்களோன்னு பயம். என்னையுந்தான்."

முப்பத்தொரு வருடம். எத்தனை கதவுகளைத் திரும்ப அடித்திருப்பேன், எத்தனை மாலைகளில் என் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருப்பேன். அந்த இடத்திலேயே அவள் கழுத்தை நெரித்திருக்கலாம், எனக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் என் கண் நிறைந்துவிட்டது, பெருமையில்தான். முதல் நாளிலிருந்தே நான் நன்றாகத்தான் அடித்திருக்கிறேன்.

"பாவி," என்றேன். "இப்ப ஃபேக்டரி இல்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

வில்மா அறையில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள். வாசலில் அப்போதுதான் வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரரையும் கையசைத்து உள்ளே கூப்பிட்டாள்.

"இத என் தங்கச்சி க்ளெனிஸ் அடிச்சா," என்றாள், வரிசையின் அந்தக் கோடிவரை கேட்பதற்காக அந்தக் காலத்தில் கத்துகிற அதே குரலில். "நல்லா இருக்கு."