டேயுன் அழுத அத்தியாயம்

"அழுவறான் அவன்! ஊரே பாக்க மேடையில நின்னு அழுவறான்! அவனப் போயி ஆம்பளைனு எப்படி அம்மணி எழுதற?"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து ஊட்டு அக்கா மாடியில இருக்கறாங்க."

1

அந்த அக்கா நான்தான். இந்தக் கதை பிறந்தது கணபதி என்கிற எங்கள் ஊரில், எங்கள் மொட்டை மாடியில், காய்ந்த துணி எடுக்கப் போன இடத்தில். துணியெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் கீழே பக்கத்து வீட்டு வாசலில் கேட்ட சண்டைக்காக ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றேன். [எழுத்தாளர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கொங்கு நாட்டு மாலைக் காற்றில் இரு இதயங்கள்..." வேண்டாம். அன்றைக்குக் காற்றே இல்லை.

2

சண்முகப்பிரியா பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மற்ற நேரமெல்லாம் செல்போனில் தொடர்கதை. நாயகன் ஒரு கொரியப் பாடகன். டேயுன் என்று வைத்துக்கொள்வோம். வேறு பெயர் சொன்னால் யாருடைய ரசிகைகளாவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

கதிர்வேல் அன்னூர்க்காரன். லேசான தொப்பை. உப்புச்சக்கரை மாற்றி அவளுக்கு நிச்சயமானவன். கதையை அழித்துவிடு, இல்லையென்றால் கல்யாணத்தை யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல வந்திருந்தான்.

(அவனை வில்லனாக்கப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. கதை முழுவதையும் படித்துவிட்டல்லவா சண்டைக்கு வந்திருக்கிறான்! எந்த வில்லன் இவ்வளவு படிப்பான்?)

"மொதல்ல நல்லாத்தானே இருந்தான்? கையப் புடிச்சு இழுத்தான், மொறச்சான், கார்க் கதவ எட்டி ஒதச்சான். நமக்குப் பேசி முடிச்ச பொறவுதான் சோறாக்கறான், மன்னிப்புக் கேக்கறான், அழுவறான். எங்கிட்ட இல்லாததையெல்லாம் அவங்கிட்ட வெச்சு எழுதறியா?"

3

இங்கே ஒரு சின்னக் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் எழுதும் பாடகர்களை நானும் படிக்கிறேன். பெண் பேசும்போது குறுக்கே பேச மாட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார்கள். ஆனால் ஆறடி உயரத்தை மட்டும் எந்த எழுத்தாளியும் விட்டுக்கொடுப்பதில்லை. மனசு எப்படி வேண்டுமானாலும் இளகலாம், ஆள் மட்டும் குட்டையாக இருந்துவிடக் கூடாது.

4

சண்முகப்பிரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். (மாடியிலிருந்து எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கதை எழுதுகிறவளுக்கு இதுகூட உரிமையில்லையா?) அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தத் தொடர்கதை. அங்கே யாரும் அவளை இன்னாருடைய மகளா என்று விசாரித்ததில்லை. அதை அழித்தால் மிச்சம் என்ன? அழிக்காவிட்டால் இவன்?

"உங்ககிட்ட இல்லாததுன்னு யாருங்க சொன்னாங்க? உங்களப் பாத்துத்தான் எழுதினேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் தண்ணி கொண்டாந்து வெச்சப்ப உங்க கண்ணு கலங்கிப்போச்சு. திரும்பிக்கிட்டு கைக்குட்டையில தொடச்சீங்க. என்னப் பாத்து அழுவற ஒரு ஆளான்னு..."

கதிர்வேல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

அவன் ஏன் குனிந்தான் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு மிளகாய் பஜ்ஜி சுட்டுக்கொடுத்தவள் நான். மிளகாய் ஒவ்வொன்றும் உச்சியில் ஏறுகிற காரம். பிரியாவின் அம்மா "இன்னொண்ணு வெச்சுக்கங்க மாப்பிள" என்று தட்டில் வைக்க வைக்க, அவன் "நல்லாருக்குங்க, நல்லாருக்குங்க" என்று தின்றுகொண்டே இருந்தான். காரம் என்று சொன்னால் பெண் வீட்டைக் குறை சொன்னதாகிவிடுமே!

ஆக, சியோல் நகரத்து மேடையில் டேயுன் கண்ணீர் விட்டதற்கும், ஊர் ஊராக வாசகிகள் கூடச் சேர்ந்து அழுததற்கும் என் வீட்டு வாணலிதான் காரணம்.

5

முடிவு ஒன்று: "அது பஜ்ஜிக் காரம் அம்மணி" என்று உண்மையைச் சொல்கிறான். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அல்லது மோதிரத்தைக் கழற்றி...

முடிவு இரண்டு: "ஆமா, உன்னப் பாத்துத்தான்" என்று பொய் சொல்கிறான். பிறகு ஆயுள் முழுக்க இளகிய மனசுக்காரனாக நடிக்க வேண்டியதாகி, நடித்து நடித்து ஒருநாள்...

எது நடந்தது? அந்த நேரம் பார்த்து அவன் குரலைத் தாழ்த்திவிட்டான். எட்டிப் பார்த்தேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த மிச்சம் இது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. இருவரும் தாராபுரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். கதையும் அழியவில்லை, வாராவாரம் வருகிறது. புது அத்தியாயங்களில் டேயுனுக்கு லேசாகத் தொப்பை விழுந்திருக்கிறது. வாசகிகள் கொதிக்கிறார்கள். அவள் ஓர் அங்குலம்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறாள்.