பொன்னுத்தாய் கொடுத்த டப்பா

பிள்ளைகளுக்குக் குடல்புழு இருக்கிறதா என்று பார்க்கத் திருச்சியிலிருந்து பச்சைமலை ஸ்கூலுக்குப் போயிருந்தேன். மலம் எடுத்துவர ஆளுக்கொரு டப்பா கொடுத்தேன். மறுநாள் எல்லாரும் வெட்கப்பட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

சத்துணவு சமைக்கும் பொன்னுத்தாய் என்னிடம் ஒரு டப்பா கேட்டு வாங்கிப் போனார். அடுத்த காலை, பிள்ளைகள் பார்க்கவே, தன் பெயர் எழுதி மேசையில் வைத்தார்.

"உங்களுக்குச் சோறு போடுறவ நான். எனக்கு இருக்கான்னும் தெரியணும்ல?"

அதன்பின் இரண்டே நாளில் நாற்பத்திரண்டு டப்பாக்கள் வந்துவிட்டன.

பாதிப் பிள்ளைகளுக்குப் புழு இருந்தது. பொன்னுத்தாய்க்கும் இருந்தது. அவரைத் தனியாக அழைத்து, தயங்கித்தான் சொன்னேன்.

"இதுல மறைக்க என்னங்க இருக்கு?" என்றவர், பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்று மாத்திரையை வாங்கி மென்றார்.